இடது பக்கத்துச் சீட்

இன்று மகள் வீட்டுக்குப் போவதற்காக அக்கரைப்பற்றுச் சந்தியில் பஸ் மாற நின்றேன். பொத்துவில் பக்கமிருந்து வந்த நெல் லொறி ஒன்று, குறுக்கே போன மாட்டுக்காகச் சட்டென்று பிரேக் பிடித்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. லொறிக்காரனும் ஏசிவிட்டுப் போய்விட்டான். கருகின பிரேக்கின் மணம் மட்டும் அங்கேயே நின்றது. துணி தீய்ந்தது மாதிரியும் இரும்பு காய்ந்தது மாதிரியும் ஒரு மணம். நீங்கள் கழற்றிப் போடும் சட்டைகளில் இருந்த மணம். சந்தியின் சனமும் சத்தமும் என்னை விட்டுத் தள்ளிப் போனது போலிருந்தது. என்னுடைய பஸ் வந்து, நின்று, போனது. நான் ஏறவில்லை.

வீட்டுக்குத் திரும்பி அஸர் தொழுதுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. ஒரே கூரைக்குள் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? ஆனால் அந்தக் காரைப் பற்றி மட்டும் நாம் இரண்டு பேரும் முழுதாகக் கதைத்து முடிக்கவில்லை. நீங்கள் பாதி சொல்வீர்கள். நான் மீதியைக் கேட்காமல் விடுவேன். இன்றைக்கு என் பாதியையாவது சொல்லிவிடுகிறேன்.

சூறாவளி அடித்துப் போனதற்கு அடுத்த வருஷம் அது. கல்முனையில் தலையில்லாத தென்னைகள் வரிசையாக நின்ற காலம். மெயின் ரோட்டில் இருந்த உங்கள் கறாஜில் சேறு புகுந்த உழவு மெசின்கள் முறைபார்த்துக் கிடந்தன. அவற்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாலும் உங்கள் மனம் மெசினில் இல்லை என்று எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு முன்னால் கொழும்பில், பந்தயக் கார்கள் திருத்துகிற ஒரு கறாஜில் வேலை பழகியவர் நீங்கள். அங்கே ஒட்டிக்கொண்ட பைத்தியம் கல்முனைக்கும் கூடவே வந்துவிட்டது. தெற்கே கடலோரத்தில், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் போட்ட பழைய விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. சொந்தக் காரைத் தாங்களே திருத்திக்கொண்டு வருகிற ஆட்கள் அதில் பந்தயம் ஓடுவார்கள். பணக்காரர் மட்டுமில்லை, கடைக்காரரும் கந்தோரில் எழுத்து வேலை செய்கிறவர்களும்கூட ஓடுவார்கள் என்று சொல்வீர்கள். "நம்மளுக்கிட்ட ஒரு சின்னக் கார் இரிந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் இருப்பீர்கள்.

அந்தச் சின்னக் கார் திருக்கோவில் பக்கத்து வயல் வட்டைக்குள் கிடந்தது. மெசின் திருத்தப் போன இடத்தில் கண்டீர்களாம். பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற ஜப்பான் கார். எங்கள் பக்கத்துக்கு அப்போது அது புதுசு. சூறாவளி அதை வீட்டு வளவிலிருந்து தள்ளிக்கொண்டு போய் ஒரு வாய்க்கால் கரைக் கட்டில் சாத்தியிருந்தது. சொந்தக்காரர் அதன் முகத்தில் முழிக்க மறுத்து, பழைய இரும்பு வாங்குகிறவனுக்குக் கொடுத்துவிட்டாராம். அவனிடமிருந்து வாங்கி, உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தீர்கள். நம் வளவுக்குள் அது நுழைந்தபோது நான் வாசலில் நின்றேன். முன்பக்கக் கம்பிச் சல்லடையில் நெற்பயிர் சிக்கிக் காய்ந்திருந்தது. இடது பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தீர்கள்.

"ஏன் கட்டிரிக்கி?" என்று கேட்டேன்.

"பூட்டுப் பிடிக்குதில்ல புள்ள. அடிச்சுச் சாத்தினாலும் தானாத் திறக்குது. சேறு போயிருக்கும். கழட்டிப் பாத்தாச் சரி."

கழற்றிப் பார்த்தீர்கள். பூட்டில் ஒரு பழுதும் இல்லை.

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் காரோடுதான் குடித்தனம் நடத்தினீர்கள் என்று மாமி சொல்வா. இஞ்சினை இறக்கி, அதன் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, கொழும்பிலிருந்து பெரிய கார்பரேட்டர் எடுப்பித்துப் பூட்டினீர்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு தாழ்த்தினீர்கள். கார் உருண்டால் கூரை நசுங்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாயை வளைத்து உள்ளே ஒரு கூடு ஒட்டினீர்கள். நெஞ்சுக்குக் குறுக்கே கட்டும் பட்டியை நான்தான் தைத்தேன். லொறியை மூடுகிற படங்கின் நாடாவை மடித்து மடித்துத் தைத்ததில் தையல் மெசின் ஊசி உடைந்துகொண்டே இருந்தது.

"இஞ்சினுக்குத் தீனி போட்டு வளத்தா மட்டும் காணா. அது தூக்குற பாரத்தையும் குறைக்கோணும்" என்பீர்கள். தரைவிரிப்பு போனது. கதவின் உள் தகடு போனது. பின் சீட் போனது. கடைசியாக ஒருநாள் இடது பக்கத்து முன் சீட்டையும் கழற்றி வெளியே எடுத்து வைத்தீர்கள். ஓட்டுகிறவனுக்கு ஒரு சீட் போதும். அந்த இடத்தில் வெறும் இரும்புத் தரைதான் இருந்தது.

பாரம் பார்க்க றசீது காக்காவின் உறவினரின் நெல் மில்லுக்குக் கொண்டு போனீர்கள். றசீது காக்கா உங்கள் மாமாவின் மகன், எனக்கு அண்ணன் மாதிரி. கல்முனை பசாரில் துணிக்கடை வைத்திருந்தவர். உங்கள் பைத்தியத்தில் பாதிப் பங்காளி. பகல் சாப்பாடு கொண்டு வந்த நானும் மில் வாசலில் நின்றுவிட்டேன். மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிப் பார்த்தீர்கள். இடது பக்கம் கூடுதலாகக் காட்டியது. நீங்கள் ஏறி ஸ்டேரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து மறுபடி பார்க்கச் சொன்னீர்கள். நீங்கள் இருந்தது வலது பக்கம். அப்போதும் இடது பக்கம்தான் கூட.

"தராசில பிழை இரிக்குமோ?" என்று கேட்டீர்கள்.

"ஊர் நெல்லெல்லாம் இதிலதான் நிறுக்கிற" என்றார் மில்காரர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

றசீது காக்கா சிரித்தார். "ஆரோ குந்திக்கிட்டு இரிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு மச்சான்."

நீங்கள் சிரிக்கவில்லை. இறங்கிச் சுற்றி வந்து, இடது கதவைத் திறந்து, சீட் இல்லாத அந்த வெற்றிடத்துக்குள் கையை மெதுவாக நீட்டினீர்கள். தண்ணீர் சூடா என்று பார்க்கிறவர் நீட்டுவது போல. பிறகு கையை எடுத்துச் சாரத்தில் துடைத்துக்கொண்டீர்கள். கையில் ஒன்றும் படவில்லையே, எதைத் துடைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சுபஹ் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் பாலமுனைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் இருக்கிற நேர் ரோட்டில் ஓட்டிப் பழகினீர்கள். அந்த நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. ஒருநாள் பாலமுனையிலிருந்து மீன் கொண்டு வருகிற காக்கா நம் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்து, "மாப்பிள பறக்கிற வேகத்துக்கு நீங்களும் பக்கத்தில குந்திக்கிட்டுப் போறீங்களே தங்கச்சி, பயமில்லையா?" என்று கேட்டார்.

"நான் போகல்லயே காக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார். கேட்ட மீனைச் சுற்றித் தந்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக்கூடக் கூவாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பெண் என்ன நினைப்பாளோ அதைத்தான் நானும் நினைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

முதல் பந்தயத்துக்கு நீங்கள் காரை ஓட்டிக்கொண்டு போனீர்கள். றசீது காக்கா கடைப் பையன்களை ஏற்றிக்கொண்டு வேனில் பின்னால் வந்தார். அங்கே நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தீர்களாம். முன்னால் போனவனை அடுத்த சுற்றில் பிடித்துவிடுவீர்கள் என்று எல்லோரும் எழும்பி நின்றார்களாம். அப்போது கறுப்புக் கொடி காட்டி உங்களை நிறுத்தினார்கள். ஓடுகிற காரில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். "பக்கத்தில் இருந்த பெண் எங்கே?" என்று கேட்டார்கள். நீங்கள் காரைத் திறந்து வெறும் தரையைக் காட்டினீர்கள். வளைவுகளில் கொடி பிடித்து நின்றவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கவில்லை. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். சேலை உடுத்த பெண். முந்தானையால் தலையை மூடியிருந்தாள். இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முடி நனைந்திருந்தது என்று ஒருவர் மட்டும் கூடுதலாகச் சொன்னார்.

என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. சந்தேகம் என்று சொல்லி உங்கள் பெயரை வெட்டிவிட்டார்கள்.

வேனில் வந்த பையன்கள் வாய் மூடியிருப்பார்களா? பொம்பிளையை ஏற்றிக்கொண்டு றேஸ் ஓடினவர் என்று பசார் முழுக்கக் கதை. மாமி என் முகத்தைப் பார்க்காமல், "ஆம்பிளைக்குக் கார் கிடச்சா ஆரையாச்சும் ஏத்தத்தான் செய்வான். நீ கண்டுக்காத" என்றா. அவ ஆறுதலுக்குத்தான் சொன்னா. எனக்கு நெருப்பாக இருந்தது.

அன்று பின்னேரம் நீங்கள் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றீர்கள்.

"ஆர் அந்தப் பொம்பிள?"

"ஒருத்தருமில்ல புள்ள."

"அப்ப கண்டவனெல்லாம் பொய்யா செல்றான்?"

நீங்கள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். கிரீஸ் போய் வெகுநேரமாகியும் கழுவினீர்கள். "நான் ஒருத்தரையும் காணல்ல, வல்லாஹி. ஆனா வளைவுக்குக் கிட்டப் போகக்குள்ள இடப்பக்கம் ஆரோ மூச்ச இழுத்துப் பிடிக்கிற மாதிரிக் கேக்கும். முதல்ல காத்து எண்டு நினச்சன். மறுகா ஹெல்மட் எண்டு நினச்சன். வளைவு தாண்டினாப் போல அந்த மூச்சு விடுற சத்தமும் கேக்கும்."

நான் உங்களை நம்பினேன். நம்பியதுதான் பெரிய கஷ்டமாகப் போனது. உயிரோடு ஒருத்தி இருந்திருந்தால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று ஏசியிருப்பேன். இவளை எங்கே போய் ஏசுவது?

"அடுத்த முறை நானும் வாறன்" என்றேன். நீங்கள் ஓம் என்றீர்கள்.

அந்த ஓடுபாதையை நான் மறக்கவில்லை. வெயிலில் தார் பளபளத்து, தூரத்தில் தண்ணீர் நிற்பது போல் கானல் ஓடியது. வளைவுகளை வைக்கோல் கட்டாலும் பழைய டயராலும் அடையாளம் செய்திருந்தார்கள். கடல் பக்க வளைவுக்கு எதிரே போட்டிருந்த பந்தலில் நானும் றசீது காக்காவும் நின்றோம். பக்கத்தில், வேறொரு ஓட்டக்காரரின் மனைவி. கொழும்பு முஸ்லிம் பெண். கையில் விசிறியோடு நாற்காலியில் இருந்தா. கார்கள் கூட்டமாக வந்து வளைந்து போயின. உங்கள் கார் நாலாவதோ ஐந்தாவதோ வந்தது. மற்றவர்கள் பிரேக் பிடிக்கிற இடத்துக்கு வெகு முன்னாலேயே நீங்கள் பிடித்தீர்கள். கருகல் மணம் பந்தல் வரைக்கும் வந்தது. கார் மெதுவாகி எங்களுக்கு முன்னால் திரும்பியபோது நான் கண்ணை இமைக்காமல் பார்த்தேன். உங்கள் வெள்ளை ஹெல்மட். நான் தைத்த பட்டி. அதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கக் கண்ணாடி வழியாக ஓடுபாதையின் புல் தெரிந்தது.

அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னேன். அதற்குள் அந்தக் கொழும்புப் பெண் என் பக்கம் சாய்ந்தா.

"அது ஒங்கட காரா? அதில ஈக்கிற பொம்புளைக்கும் ஒரு ஹெல்மட் குடுக்க ஏலாவா? பாவம், பயந்து போயிக்கி."

நான் றசீது காக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய முகம் சாம்பலாக இருந்தது.

"நீங்களும் காணுறீங்களா காக்கா?"

"ஓம்."

"எப்பிடி இரிக்கா?"

"நேரா முன்னுக்குப் பாத்துக்கிட்டு இரிக்கா" என்றார். பிறகு, "ஒங்களப் பாக்கல்ல" என்றார்.

கார் மீண்டும் வந்தது. மீண்டும் வந்தது. போன முறை வெறும் தரையைக் கண்ட கொடிக்காரர்கள் இந்த முறை நிறுத்தவில்லை. பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி அந்த இடது பக்கத்தைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்ததை நான் மட்டும் பார்க்கவில்லை. எனக்கு ஒவ்வொரு சுற்றிலும் அதே வெறும் இரும்பும் அதே புல்லும்தான்.

ஓட்டம் முடிந்து ஹெல்மட்டைக் கழற்றியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "கண்டயா?"

"இல்ல."

உங்கள் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. றசீது காக்கா, "ஏன் மச்சான் அந்த வளைவில அவ்வளவு முந்திப் பிரேக்கப் போட்டாய்? விட்டிருந்தா முதலாவது வந்திருக்கலாமே" என்று கத்தினார்.

"அவ பயப்பிடுறா" என்றீர்கள். "தெரிஞ்சுக்கிட்டு என்னெண்டு விடுற?"

அவ என்று சொன்னீர்கள். வீட்டில் ஒருத்தியைச் சொல்வது போல மரியாதையாகச் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஊர் வந்து சேரும்வரை நான் உங்களோடு கதைக்கவில்லை.

ஆனால் ஊர் வருவதற்கு முன்னால் திருக்கோவில் வந்தது. நான் வேனில் முன்னால் வந்துகொண்டிருந்தேன். பின்னால் நீங்கள் ஹோர்ன் அடித்து நிறுத்தி, காரின் பழைய சொந்தக்காரர் வீடு இதுதான் என்றீர்கள். ஓய்வு பெற்ற அப்போதிக்கரி. கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். பாதி வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார். மீதி இன்னும் திறந்தபடியே கிடந்தது. வேலிக்கு வெளியே காரைக் கண்டதும் நடந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இத ஏன் தம்பி இஞ்ச கொண்டு வந்த?"

"ஒண்டு கேக்க வந்தனாங்க ஐயா. இந்தக் கார்ல ஒங்கட வீட்டாக்கள் ஆரும்..." என்று தொடங்கினீர்கள்.

அவர் கோபப்படவில்லை. எங்களை உட்காரச் சொல்லவுமில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, நோயாளியின் வருத்தத்தைச் சொல்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னார். "அண்டைக்குக் கூரை போகத் தொடங்கின உடனே என்ட மனிசியக் கொண்டு போய்க் காருக்குள்ள இருத்தினன். அம்மா படுக்கையில. அம்மாவத் தூக்கிக்கொண்டு வாறன், நான் வாற மட்டும் இறங்காத எண்டு சொன்னன். அம்மாவத் தூக்கிக்கொண்டு வெளியில வந்தா, கார் நிண்ட இடத்தில கார் இல்ல. விடிஞ்சு பாத்தா வாய்க்கால் கட்டில கிடக்கு. இடப்பக்கக் கதவு திறந்து கிடந்தது. ஆள் இல்ல. தேடாத இடமில்ல. இண்டுவரைக்கும் கிடைக்கல்ல."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள். "அவ இறங்கல்ல ஐயா."

அவர் உங்களைப் பைத்தியக்காரன் என்று திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வேலியைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். காரைச் சுற்றி வந்து, கயிற்றை அவிழ்த்து, இடது கதவைத் திறந்தார்.

"சீட் எங்க?"

"பாரம் குறைக்கக் கழட்டினன்."

"அப்ப அவ எதில இருக்கிறா?"

கேட்டுவிட்டு அவர் கார்க் கூரையில் ஒரு கையை வைத்துக் குனிந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறவர் போல உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நீங்கள் மெதுவாக, "நீங்க ஒரு சொல்லுச் சொன்னா இறங்கிருவா ஐயா" என்றீர்கள்.

"ஓம் தம்பி. நான் சொன்னா இறங்கிருவா." நிமிர்ந்து என்னைப் பார்த்தார், உங்களையல்ல. "இறங்கினா அவ செத்துப்போனா எண்டு ஆகிரும் தங்கச்சி. என்னால ஏலாது."

கதவை மெல்லச் சாத்தினார். அடித்துச் சாத்தினாலும் நிற்காத கதவு, க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. கயிற்றை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அதற்குப் பிறகு உங்களோடு கோபமாக இருக்க எனக்கு முடியவில்லை. அவளோடும் முடியவில்லை. மறுநாளே கறாஜ் மூலையிலிருந்து சீட்டை எடுத்துத் துடைத்து, மீண்டும் பூட்டினீர்கள். இரும்புத் துண்டு துண்டாக அரிந்து பாரம் குறைத்த மனுஷன், முழுச் சீட்டையும் திருப்பி வைத்தீர்கள். லெப்பையைக் கூட்டி வந்து ஓதித் தண்ணி தெளிக்க வேண்டும் என்று மாமி பிடிவாதம் பிடித்தா. "ஓதி விரட்ட அது என்ன பேயா உம்மா? ஒரு வீட்டுப் பொம்பிள" என்று முடித்துவிட்டீர்கள்.

அதன் பிறகு இன்னும் சில வருஷம் ஓடினீர்கள். கொடி பிடிப்பவர் யாரும் உங்களை நிறுத்தவில்லை. றசீது காக்காவும் இப்போது தெரியவில்லை என்றார். முதலாவது நீங்கள் ஒருநாளும் வரவில்லை. கடல் பக்க வளைவில் முந்திப் பிரேக் பிடிக்கிற கல்முனைக்காரன் என்று பகிடி பண்ணுவார்களாம். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்களாம்.

மகள் பிறக்க இருந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வாகனம் கிடைக்கவில்லை. முதல் தடவையாக நான் அந்த இடது பக்கத்துச் சீட்டில் ஏறினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி உட்கார்ந்தேன். கார் காலையிலிருந்து வேப்ப மர நிழலில் நின்றது. சீட் சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. யாரோ எழும்பி இடம் விட்ட சூடு. வலியின் நடுவிலும் அது எனக்குத் தெரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்கிற காரியம்தானே என்று தோன்றியது.

பிறகு சண்டை தொடங்கி நாடு கெட்டுப் போனது. ஓடுபாதைக்குப் போகிற வழியெல்லாம் தடை. கார் உழவு மெசின் திருத்தப் போகிற வாகனமாயிற்று. நாவிதன்வெளிக்குப் போன ஒருநாள் தோளில் துவக்கோடு நின்ற நாலைந்து பேர் உங்களை இறக்கிவிட்டுக் காரைக் கொண்டு போய்விட்டார்கள். பட்டப்பகல். நீங்கள் நடந்தே வீட்டுக்கு வந்தீர்கள். உயிர் வந்ததே என்று மாமி அழுதா. நீங்கள் வெளியே கார் நிற்கிற வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த நாள் அங்கேயிருந்து வெள்ளாமைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். உங்களிடம் மெசின் திருத்தியவர், காரைத் தெரிந்தவர். கார் வட்டைக்குள் நிற்கிறது, சாவியும் அதிலேயே தொங்குகிறது என்றார்.

"வரம்பு கட்டிக்கிட்டு நிண்டனான் பாஸ். அவனுகள் காரை நிப்பாட்டி எல்லாரும் குதிச்சு இறங்கினானுகள். முன் சீட்டில ஒரு பொம்பிள. துவக்க நீட்டி, இறங்கு, இறங்கு எண்டு கத்துறானுகள். அவ அசையல்ல. திரும்பியும் பாக்கல்ல. மறுகா அவனுகளுக்கு என்ன நடந்திச்சோ தெரியா, காரை விட்டுட்டு வயலுக்குள்ளால ஓடிட்டானுகள்." தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார். "அந்தப் பொம்பிள வீட்டுக்கு வந்து சேந்துட்டாவா?"

"ஓம்" என்றீர்கள். "வந்து சேந்துட்டா."

நீங்கள் போன நாளைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியாது. கறாஜில் மத்தியான லுஹருக்குப் பாங்கு சொல்கிற நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். றசீது காக்கா உங்களைத் தூக்கி, வட்டையிலிருந்து நீங்கள் திருப்பிக் கொண்டு வந்திருந்த அந்தக் காரின் இடது பக்கத்துச் சீட்டில் வைத்து ஓட்டினார். ஜனாஸா அடக்கி வந்த பிறகு, கதவுக்கு அப்பால் நின்றபடி அவர் எனக்குச் சொன்னார்.

"சீட்டு நிறைய இடமிரிந்தும் கதவோட ஒதுங்கி ஒதுங்கி இரிந்தாரு. பக்கத்தில ஆருக்கோ இடம் விடுற மாதிரி. நோகுதா மச்சான் எண்டன். இல்ல, மெதுவாப் போ, அவ பயப்பிடுறா எண்டாரு. ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாட்டி, இறங்கு மச்சான் எண்டு செல்றன். இறங்கல்ல. கையப் புடிச்சு இழுத்துச் செல்றன். இறங்கல்ல."

அவர் அழுதார். நான் அழவில்லை. உங்களைத் தூக்கித்தான் இறக்கினார்கள் என்பது எனக்குத் தெரியும். குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் கபனிட்டதும், கபுறில் வைத்ததும், எல்லாம் உண்மை. ஆனால் றசீது காக்கா சொன்ன 'இறங்கல்ல' என்ற அந்த ஒரு சொல் என்னோடு உட்கார்ந்துகொண்டது.

நான் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் அறைக்குள் இத்தா இருந்தபோது என் கூடப்பிறந்த காக்கா அந்தக் காரை விற்றுவிட்டார். பொத்துவில் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கினார். என்னிடம் கேட்டார்கள், நான்தான் சரி என்றேன். வைத்திருக்கவும் பயம், கொடுக்கவும் பயம். அந்த ஆள் காலையில் தனியாகத்தான் வந்தார். அறைக்குள் இருந்த எனக்கு ஒவ்வொரு சத்தமும் கேட்டது. பின்கதவைத் தூக்கிச் சாத்தியது. இஞ்சின் பிடித்தது. நீங்கள் சீவிய ஹெட்டின் அந்தத் தனிக் குரல். கார் வளவுக்குள் கிறுகித் திரும்பி, என் ஜன்னலுக்கு நேரே, இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். வேறு வழியில்லை. ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது.

இத்தனை வருஷமும் ஊரெல்லாம் கண்டதை நான் ஒருத்தி காணவில்லை. அன்றைக்குப் பார்த்தால் காண்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். அவள் ஒருத்தியை மட்டும் காண்பேன் என்றால் பார்த்திருப்பேன். ஸலாம்கூடச் சொல்லியிருப்பேன். கதவோடு ஒதுங்கி இன்னொருவரும் இருந்தால், எனக்கு வாய் சும்மா இருக்காது. இறங்குங்க என்று சொல்லிவிடுவேன். நான் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள்.

ஜன்னலைச் சாத்தினேன். கார் தாண்டிப் போகிற சத்தம் பலகையில் அதிர்ந்து, ரோட்டுக்கு ஏறி, தெற்கே குறைந்துகொண்டே போனது. நெற்றியைப் பலகையில் வைத்தபடி, அது கேட்காமல் போகும்வரை நின்றேன்.

மற்றவர்கள் உங்களை நினைக்கும்போது கபுறை நினைக்கிறார்கள். நான் துஆச் செய்யும்போதும் உங்களுக்காகப் பயணம் போகிறவருக்குக் கேட்கிற பாதுகாப்பைத்தான் கேட்கிறேன். லெப்பைக்குத் தெரிந்தால் ஏசுவார். அன்று நான் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. ஆகையால் நீங்கள் எங்கேயோ ஒரு ரோட்டில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.